குரல் போன பிறகு போனைப் பேச வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக என் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் 26 ஆண்டுகள் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் விற்பனையாளனாக இருந்தேன். வாய்தான் என் முதலீடு. இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன், போனில் தட்டச்சு செய்து பேசுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது, வெளிநோயாளிகள் வரிசையில் என் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டிப் பதில் சொல்லி விரல் வலித்ததால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, கணினி படித்தவனும் இல்லை. தினமும் இதை வைத்துப் பிழைப்பவன், அவ்வளவுதான்.

இதற்கென்று தனியாக மெஷின் வாங்க வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

வேண்டாம். எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள் இன்றைய ஸ்மார்ட்போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டும் வேலையை அது செய்கிறது. பார்வையற்றவர்கள் திரையைக் காதால் படிப்பதும் இதே குரலை வைத்துத்தான். அதை நம் வாய்க்குப் பதிலாக வைத்துக்கொள்கிறோம்.

தனி மெஷின்களும் உண்டு. கண் அசைவைக் கொண்டு எழுதும் கருவி போன்றவை விலை அதிகம். கை நன்றாக இயங்குகிறவருக்கு அவை தேவையே இல்லை. யாராவது உங்களிடம் ‘பேசும் கருவி’ என்று பெரிய தொகை சொன்னால், முதலில் ஒரு வாரம் போனை வைத்துப் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் போனில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளுக்குள் போய், மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பொதுவாக அது அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதிக்குள் இருக்கும். சில போன்களில் தயாரித்த நிறுவனத்தின் சொந்த எஞ்சின், அதாவது எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள், தேர்வாகியிருக்கும். அதை கூகுள் எஞ்சினுக்கு மாற்றி, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, குரல் தரவை இறக்கி வையுங்கள். அந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறக்கி வைத்தால்தான் இணையம் இல்லாத இடத்திலும் பேசும். நான் போகும் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறை அடித்தளத்தில் இருக்கிறது; அங்கே சிக்னல் கிடைக்காது. எனக்கு முதல் தடவை வாய் அடைத்துப் போனது அங்கேதான்.

ஐபோனில் அணுகல்தன்மைக்குள் ‘லைவ் ஸ்பீச்’ என்று ஒரு வசதி 2023-இல் வந்தது. அதை இயக்கிவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தியதும் எழுதும் பெட்டி திறக்கும். எழுதி அனுப்பினால் பேசும். கணினியில் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியின் வாசித்துக் காட்டும் வசதியில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்குத் தனிக் குரல்களும் உண்டு. கேட்க மிக இனிமை. ஆனால் அவற்றுக்கு இணையம் வேண்டும், வீதியில் கணினியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது.

எந்தச் செயலி நல்லது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டதும் அடுத்த கேள்வி, ‘அதில் குரல் நன்றாக இருக்குமா?’ குரல் இரண்டாவது விஷயம் ஐயா. எத்தனை நொடியில் பேசும் என்பதுதான் முதல் விஷயம். நாதஸ்வரம் போலக் குரல் இருந்தாலும் பஸ் போன பிறகு ‘நிறுத்துங்கள்’ என்றால் என்ன பயன்?

முதல் நாளுக்கு கூகுள் மொழிபெயர்ப்புச் செயலி போதும். தமிழில் எழுதி ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் வாசிக்கும். வடமாநிலத்து நர்ஸ் வந்தால் அதே வாக்கியத்தை இந்தியில் பேச வைக்கலாம் என்பது கூடுதல் லாபம். நான் நிரந்தரமாக வைத்திருப்பது ‘ஸ்பீச் அசிஸ்டன்ட்’ என்ற செயலி. வாக்கியங்களை முன்கூட்டியே எழுதிப் பிரிவு பிரிவாகப் பொத்தான்களாக வைத்துக்கொள்ள அது உதவுகிறது. குரல் அதனுடையதல்ல, மேலே சொன்ன போனின் குரலைத்தான் அதுவும் எடுத்துக்கொள்கிறது. அதனால் செயலியை மாற்றினால் குரல் மாறிவிடும் என்று நினைத்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுகிறார். என்ன செய்வது?

சாதாரணமாகப் பேசும்போது ஒருவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுகிறார். தமிழில் போனில் தட்டும்போது எனக்குப் பதினைந்து சொல் வந்தால் பெரிது. இந்த இடைவெளியை எந்தச் செயலியும் நிரப்பாது. நிரப்புவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, வாக்கியத்தை முன்கூட்டியே செய்து வைப்பது. ஒரு நாளில் நாம் பேசுவதில் பாதி நேற்றுப் பேசியதுதான். அவற்றைப் பொத்தானாக வைத்துவிட்டால் ஒரே தொடுதல். இரண்டாவது, கீபோர்டுக்குக் குறுக்குவழி சொல்லிக் கொடுப்பது. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தனிப்பட்ட அகராதி என்று ஒன்று உண்டு. அதில் ‘காகொ’ என்பதற்கு ‘காபி கொஞ்சம் சர்க்கரை குறைவாகக் கொடுங்கள்’ என்று பதிந்து வைத்தால், இரண்டெழுத்து அடித்ததும் முழு வாக்கியம் மேலே வந்து நிற்கும். ஐபோனிலும் இதே போல் சுருக்கத்தை விரிக்கும் வசதி இருக்கிறது. தட்டச்சு முறையில் எது வேகம் என்று சண்டை போட மாட்டேன். தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பு பழகியவருக்கு அது, என் மகனுக்கு ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குவது. எனக்கு விரலால் எழுதிக் காட்டுவதே வசதி. கடையில் பில் எழுதிய கை.

மூன்றாவதுதான் முக்கியம். எழுதத் தொடங்கும் முன் எதிரில் இருப்பவரை நிறுத்தி வைக்க வேண்டும். நான் வலது கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ‘ஒரு நிமிடம், எழுதிச் சொல்கிறேன்’ என்ற பொத்தானை முதலில் தொடுவேன். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வாங்கிக் கொடுத்த நேரம் கொஞ்சமல்ல. அதைத் தொடாமல் குனிந்து தட்ட ஆரம்பித்தால், நாம் வாட்ஸ்அப் பார்க்கிறோம் என்று நினைத்து அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

என்னென்ன வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?

ஆரம்பத்தில் இருநூறு வைத்திருந்தேன். தேடுவதற்குள் தட்டிவிடலாம் என்று ஆனதும் முப்பதாகக் குறைத்தேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டுதான். ‘எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சத்தமாகப் பேச வேண்டாம்’ என்பது அதில் இரண்டாவது. பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்துகிறவர்கள் ஊரில் பாதிப் பேர். ‘என் வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள், நானே சொல்கிறேன்’ என்பது இன்னொன்று, இது சொந்தக்காரர்களுக்கு.

வலி, தண்ணீர், கழிவறை போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். அப்படி வைத்தால் நோயாளியாக மட்டுமே பேசுவீர்கள். ‘அப்புறம் என்ன ஆயிற்று?’, ‘நிஜமாகவா?’, ‘அதை நான் நம்ப மாட்டேன்’ ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு மணி நேர அரட்டையில் தாக்குப்பிடிக்கலாம். என் மனைவி ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்: ‘சாப்பாடு நன்றாக இருக்கிறது.’ குரல் இருந்தபோது நான் சொல்லாதது அது.

அது தமிழைக் கொலை செய்கிறதே? பெயரைக்கூடத் தப்பாகச் சொல்கிறது.

குற்றம் முழுவதும் மெஷினுடையது அல்ல. நம் எழுத்தில் ஒரே ‘க’ பல ஒலிகளுக்கு நிற்கிறது. ‘காலை’யில் ஒரு மாதிரி, ‘காந்தி’யில் ஒரு மாதிரி, ‘முகம்’ என்பதில் வேறு மாதிரி. த, ப, ட எல்லாம் அப்படியே. நாம் பழக்கத்தால் சரியாகப் படித்துவிடுகிறோம், மெஷின் ஊகிக்கிறது. அன்றாடச் சொற்களில் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். பெயர்களிலும் வடமொழிச் சொற்களிலும்தான் கவிழ்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்க்க வந்த சித்தப்பாவிடம் ‘பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன்’ என்று உருக்கமாக எழுதித் தட்டினேன். என் போன் ஆசியாவைத் தாண்டி வந்தவன் மாதிரி வாசித்தது. சித்தப்பா சிரித்துவிட்டார். இதற்கு எழுத்தில் வைத்தியம் கிடையாது, சொல்லை மாற்றுவதுதான் வழி. இப்போது ‘ஆபத்து’ என்று போடுகிறேன். ‘பாவம்’, ‘பந்து’ போன்ற இரட்டை உச்சரிப்புச் சொற்களிலும் கவனம் தேவை. வீட்டார் பெயர் தப்பாக வந்தால் எழுத்தை முன்னே பின்னே மாற்றிப் பாருங்கள். நெடிலைக் குறிலாக்கியோ ஒற்றெழுத்தைக் கூட்டியோ பார்த்தால் பல பெயர்கள் வழிக்கு வரும். பார்க்க எழுத்துப் பிழை, கேட்கச் சரியான பெயர். அதைத்தான் பொத்தானில் வைக்க வேண்டும்.

எண்களைச் சொற்களாக எழுதுவது நல்லது. 8.30 என்று போட்டால் எட்டு புள்ளி என்று தொடங்கிவிடும். ‘எட்டரை’ என்று எழுதினால் தகராறே இல்லை; கால், அரை, முக்கால் எல்லாம் நமக்கு ஒற்றைச் சொல்லாக இருப்பது வசதி. போன் எண்ணைச் சேர்த்து எழுதினால் கோடிக் கணக்கில் வாசிக்கும், ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் இடைவெளி விடுங்கள். மருந்து அளவைச் சொல்லும்போது மட்டும் குரலை நம்பாதீர்கள். திரையைத் திருப்பிக் காட்டிவிடுங்கள்.

எழுத்துத் தமிழில் போடுவதா, பேச்சுத் தமிழில் போடுவதா?

எழுத்துத் தமிழில் போட்டால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், ஆனால் வீட்டில் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று என் போன் சொன்னபோது பேரன் எழுந்து நின்று தேசிய கீதமா என்று கேட்டான். பேச்சு வழக்கில் ‘வரேன்’ என்று போட்டால் நெருக்கமாக இருக்கிறது. ஆனால் மென்பொருள் எழுத்துத் தமிழைத்தான் நிறையப் படித்திருக்கிறது போலும். நீண்ட பேச்சு வழக்கு வாக்கியத்தில் எங்காவது இடறி விழுகிறது.

நான் கண்ட சமரசம் இது. அலுவலகம், மருத்துவமனை, போன் அழைப்பு ஆகியவற்றுக்கு எழுத்துத் தமிழ். வீட்டுக்கு, சோதித்துப் பார்த்துச் சரியாக வந்த பேச்சு வழக்குச் சொற்கள் மட்டும். சோதிக்காத சொல்லை முதல் தடவையாக மாமியார் முன்னால் பேச வைக்காதீர்கள்.

மெஷின் குரலில் கோபம், கேலி எல்லாம் எப்படிக் காட்டுவது?

குரலில் காட்ட முடியாது, சொல்லில் காட்டலாம். இதில் தமிழ் நமக்குப் பெரிய துணை. ஆங்கிலத்தில் குரலை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டிய பலவற்றை நாம் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகிறோம். ‘நீ வந்தாய்’ என்பது செய்தி. ‘நீயா வந்தாய்?’ என்பதில் ஆச்சரியம், ‘நீதான் வந்தாயாக்கும்’ என்பதில் குத்தல். மெஷின் மூன்றையும் ஒரே தொனியில் வாசித்தாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆகாரம், ஏகாரம், தான், ஆவது, ஆக்கும் ஆகியவற்றைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

கோபத்துக்கு நான் குறுகிய வாக்கியம் வைத்திருக்கிறேன். ‘சரி. ரொம்ப நன்றி.’ ஒலியளவை நன்றாகக் குறைத்து இதைத் தட்டினால் வீடு அமைதியாகிவிடும். நகைச்சுவைதான் கடினம், அதற்கு நேரம் முக்கியம். நான்கு பேர் பேசும் இடத்தில் என் வேடிக்கை தயாராகும்போது பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதனால் அந்த நேரத்தில் முகத்தையே நம்புகிறேன். கையும் முகமும் போன மாதிரி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்காதீர்கள். தலையாட்டல், கைதட்டல், புருவம், இவற்றால் முடிவதற்கு எழுத்தைச் செலவு செய்யத் தேவையில்லை.

பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் போன் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

கேட்காது. சட்டைப் பையில் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் பெட்டிகளிலும் ப்ளூடூத் உள்ளவை கிடைக்கின்றன. குரல் நம் மார்பிலிருந்து வருவதால் எதிரில் இருப்பவர் போனைப் பார்க்காமல் நம்மைப் பார்ப்பார்.

ஒரு சிறு தொல்லை உண்டு. சும்மா இருந்த ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள அரை நொடி எடுக்கும், அதில் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். ‘வேண்டாம் போதும்’ என்பது ‘போதும்’ ஆனால் பரவாயில்லை. ‘இல்லை, வலிக்கிறது’ என்பது ‘வலிக்கிறது’ ஆனாலும் பரவாயில்லை. ஆனால் ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது’ என்பதில் முதல் சொல் போனால்? அதனால் எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ போட்டுவிடுங்கள். விழுங்கப்பட்டாலும் மரியாதை மட்டும்தான் போகும்.

போனில் அழைத்துப் பேச முடியுமா?

ஐபோனின் லைவ் ஸ்பீச் அழைப்புக்குள்ளேயே பேசும். ஆண்ட்ராய்டில் நான் இரண்டு போன் வைத்துச் செய்கிறேன். ஒன்றில் ஸ்பீக்கரைப் போட்டு அழைப்பு, மற்றொன்றை அதன் மைக் அருகே பிடித்துக்கொண்டு பேச வைப்பது. கேலிக்கூத்து மாதிரி இருக்கும், ஆனால் நடக்கிறது.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய சிக்கல், மெஷின் குரல் கேட்டதும் கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பர அழைப்பு என நினைத்து வைத்துவிடுகிறார்கள். ‘வணக்கம்’ என்று தொடங்கினால் பாதி அழைப்பு அங்கேயே போய்விடும். விளம்பரக்காரன் சொல்ல முடியாத ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள். ‘செவ்வாய்க்கிழமை உங்களிடம் மிக்ஸி பழுது பார்க்கக் கொடுத்தவன் பேசுகிறேன். குரல் இல்லாததால் எழுதிப் பேசுகிறேன். பதில் வரச் சில நொடி ஆகும், வைத்துவிடாதீர்கள்.’ இதை அழைப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, எதிர்முனை எடுத்தவுடன் தட்ட வேண்டும். முடிந்த இடத்தில் அழைப்பையே தவிர்த்துக் குறுஞ்செய்தி அனுப்புவது உத்தமம்.

வீட்டில் தனியாக இருக்கும்போது ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால்?

மூச்சுத் திணறும்போது எவரும் தட்டச்சு செய்ய மாட்டார். 108-க்கு என்று ஒரு பொத்தான் தனியாக வைத்திருங்கள். முகவரி, அடையாளமாக ஒரு கடை அல்லது கோயில், என்ன நோய், ‘என்னால் பேச முடியாது’ என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும், இரண்டு முறை வாசிக்கும்படி. முந்தைய பதிலில் சொன்ன இரட்டைப் போன் வித்தையை ஒரு நாள் வீட்டாரின் எண்ணுக்கு அழைத்து ஒத்திகை பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர உதவி இயங்கும்படி அமைக்கலாம். அதில் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

என்னைப் போல் குரல்வளை எடுத்தவர்களுக்கு இன்னொன்று. நாம் மூக்கு வழியாக மூச்சு விடுவதில்லை. மயங்கிக் கிடந்தால் பதற்றத்தில் மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிடுவார்கள். ‘கழுத்துத் துளையில்தான் ஆக்சிஜன் வைக்க வேண்டும்’ என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். போன் பூட்டியிருக்கும், அட்டை பூட்டியிருக்காது.

வங்கியில் ‘நீங்களே வாயால் சொன்னால்தான்’ என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

எனக்கும் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் சேவைப் பெண், தாயார் பெயரை என் சொந்தக் குரலில் சொல்லச் சொன்னார். சொந்தக் குரல் ஒரு கண்ணாடிக் குடுவையில் பரிசோதனைக்குப் போய்விட்டது என்று எழுதினேன். மேலதிகாரியிடம் இணைத்துவிட்டார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைத் தன் 21 வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. குரல்வளை நீக்கத்தையும், மூளை பாதிப்பால் மொழி இழப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ‘தகவல் தொடர்பு’ என்பதற்கான விளக்கத்தில் எழுத்து, ஒலி, மாற்று வழித் தொடர்பு முறைகள் எல்லாம் அடக்கம். அதாவது போன் வழியே பேசுவதும் பேச்சுதான். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை வாங்கி வைத்திருங்கள். சட்டப் பிரிவை எடுத்துச் சொல்வதைவிட அட்டையை மேசையில் வைப்பது வேகமாக வேலை செய்கிறது.

ஓர் எச்சரிக்கை. ரகசிய எண், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றை மட்டும் பேச வைக்காதீர்கள். கவுன்டரில் பின்னால் நிற்பவர் எல்லோருக்கும் கேட்கும். இணையக் குரல் என்றால் நீங்கள் எழுதியது வெளியே ஒரு சர்வருக்கும் போகிறது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இது பயன்படுமா?

எழுத்து தேவையில்லாத வழிகள் உண்டு. படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ அப்படிப்பட்டது. பெருமூளை வாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கியது, தமிழிலும் பேசும். பெரியவர்களுக்குக் குழந்தைப் படங்கள் பிடிக்காது என்றால், அவர் வீட்டுச் சொம்பு, அவர் கட்டில், அவர் மாத்திரை டப்பா ஆகியவற்றையே படமெடுத்துப் பொத்தானாக வைத்து, பேத்தியின் குரலைப் பதிந்துவிடுங்கள். மெஷின் குரலைவிட அவருக்கு அது நெருக்கமாக இருக்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. போன் வாங்கிக் கொடுத்தால் பேசிவிடுவாரா?

இங்கே அவசரப்படாதீர்கள். எனக்குப் போனது குரல் மட்டும், மொழி அப்படியே இருக்கிறது. பக்கவாதத்தில் சிலருக்கு மொழியே பாதிக்கப்படுகிறது. நினைத்த சொல் வாயிலும் வராது, விரலிலும் வராது. அப்படிப்பட்டவரிடம் கீபோர்டைக் கொடுத்து ‘எழுதுங்கள்’ என்று நச்சரிப்பது கொடுமை. முதலில் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் காட்டி எது போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். படங்கள், ஆம் இல்லை அட்டை, மேலே சொன்ன தொடு பொத்தான்கள் அவருக்கு உதவலாம். அறிவு போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த மாதம் ஆபரேஷன். என் சொந்தக் குரலையே போனில் வைக்க முடியுமா?

இந்தக் கேள்வியை ஆபரேஷனுக்கு முன்பே கேட்கிறவர் அதிர்ஷ்டசாலி. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2006-இல் குரலை இழந்தார். பிறகு எடின்பரோவிலுள்ள ஒரு நிறுவனம், அவர் முன்பு டிவிடிகளுக்குப் பேசியிருந்த விளக்கவுரைகளை எடுத்து அவர் குரலிலேயே ஒரு மெஷின் குரலை உருவாக்கிக் கொடுத்தது. ஆப்பிள் 2023-இல் 150 வாக்கியங்களைப் படித்தால் நம் குரலை உருவாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அது தொடங்கியது ஆங்கிலத்தில் மட்டும். குரலை நகலெடுக்கும் இணையச் சேவைகள் சில தமிழும் பேசுகின்றன. உங்கள் சம்மதத்தோடு, உங்கள் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் செய்யுங்கள். குரல் களவு போனால் அதை வைத்து உங்கள் மகனிடமே பணம் கேட்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன், செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. அமைதியான அறையில் உட்கார்ந்து, நீங்கள் சொல்லும் வாக்கியங்களை அப்படியே பதிந்து வையுங்கள். மனைவியைக் கூப்பிடும் விதம், பேரனைத் திட்டும் விதம், சிரிப்பு, இருமலுக்கு முன் செய்யும் ‘ம்ஹும்’. ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானில் வைக்கலாம். எந்த மென்பொருளும் தமிழில் உங்கள் சிரிப்பைச் செய்து தராது. குரல் ஏற்கெனவே போய்விட்டவர்கள் பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகளைத் தேடிப் பாருங்கள். என்னுடையதில் ஒன்றுதான் கிடைத்தது: ‘பால் வாங்கிட்டு வரேன், வேற ஏதாவது வேணுமா?’ அதை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கையும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது. அப்போது?

கை நன்றாக இருக்கும்போதே அடுத்த கருவியைப் பழகத் தொடங்க வேண்டும். ஒரே பொத்தானை அழுத்தி, திரையில் ஓடும் எழுத்துகளில் தேவையானது வரும்போது நிறுத்தும் முறை உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே இருக்கிறது. விரல், கன்னம், கண் எது அசைகிறதோ அதைப் பயன்படுத்தலாம்.

இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சையில் பேச்சை இழந்தார். பேசும் கணினியை முதலில் கையால், பின்னர் கன்னத் தசையால் இயக்கினார். நன்றாக இருந்த காலத்திலேயே நிமிடத்துக்குப் பதினைந்து சொல்தான். உலகம் காத்திருந்து கேட்டது. பின்னாளில் மேலான குரல்கள் வந்தும் அவர் தன் பழைய குரலை மாற்றவில்லை. அந்தக் குரலுக்கு மூலம் டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளரின் சொந்தக் குரல். அவரும் புற்றுநோயால் குரல் மங்கி 1988-இல் காலமானார்.

போனில் பேசிப் பழகினால் வேறு வழியில் பேசக் கற்பது கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடாது. குரல்வளை எடுத்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் பேச்சு, கழுத்தில் வைக்கும் அதிர்வுக் கருவி, சிறு வால்வு பொருத்திப் பேசுவது என மூன்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை டாக்டரும் பயிற்சியாளரும் சொல்ல வேண்டும். வால்வு வைத்தவர்கள்கூடச் சளி பிடித்த நாளில் போனை எடுக்கிறார்கள். எனக்கு அதிர்வுக் கருவி இருக்கிறது. ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘போ’ ஆகியவற்றுக்கு அது, நீண்ட பேச்சுக்குப் போன். நொடிக் கணக்கில் பார்த்தால் அதுதான் சரியான பங்கீடு.

திரும்ப வேலைக்குப் போனீர்களா?

போனேன். முதலாளி முதலில் கிடங்கில் விலைச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பட்டுப் பிரிவுக்கான வாக்கியங்கள் நாற்பதை எழுதிக்கொண்டு போய் அவர் மேசையில் பேச வைத்துக் காட்டினேன். ‘ப்ளவுஸ் துணி இணைந்தே வருகிறது’, ‘வெளிச்சத்தில் வந்து பாருங்கள், கரையின் நிறம் தெரியும்’, ‘மணப்பெண்ணுக்கா, மாப்பிள்ளையின் அக்காவுக்கா?’ கடைசியைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறுநாளே மாற்றிவிட்டார்.

தாமதம்தான் எதிரி என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் இடம் விலக்கு. எங்கள் கடையில் கொஞ்சம் பேரம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு விலை சொல்வார், நான் கையைக் காட்டிவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்குவேன். பத்து நொடி, பதினைந்து நொடி. எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. நான் எழுதி முடிப்பதற்குள் பெரும்பாலும் அவரே, ‘சரி சரி, இன்னும் இருநூறு சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார். எழுதியதை அழித்துவிட்டு பில் போடச் சொல்லிவிடுகிறேன்.